வியர்வைக்கு ஒரு வாசல்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் பேரன் புதிதாக ஒரு மலை சைக்கிள் வாங்கியிருக்கிறான். மார்கழி, தை மாதங்களில் லீவு கிடைத்தால் ஊட்டிக்கு வந்து, தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில் ஏறி இறங்குவது அவனுக்குப் பிரியம். போன வாரம் போன் செய்தான்.

"தாத்தா, குளிருக்கு மேலே போட ஒரு ஜாக்கெட் வாங்கணும். நல்லா தடிமனா, சொட்டுத் தண்ணி உள்ளே போகாததா வாங்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா. மெல்லிசா வாங்கு. உள்ளே இருக்கிற ஆவி வெளியே போறதா பார்த்து வாங்கு" என்றேன்.

ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1975 ஜனவரி. நான் ஊட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பர் ஒருவரும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு தொட்டபெட்டாவுக்குக் கிளம்பினோம். விடியற்காலையில் புல்தரை எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஆபீசில் கொடுத்த ரப்பர் ரெயின்கோட்டை ஸ்வெட்டருக்கு மேல் மாட்டிக்கொண்டு, என்னை எந்தக் குளிரும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். பாதி தூரம் மிதித்து, பாதி தூரம் தள்ளி உச்சிக்குப் போனபோது கோட்டுக்குள் மழை பெய்தது போல் இருந்தது. பனியன், சட்டை, ஸ்வெட்டர் மூன்றும் என் வியர்வையிலேயே நனைந்துவிட்டன. இறக்கத்தில் கால் மைல் வருவதற்குள் உடம்பு உதற ஆரம்பித்தது. விரல் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. சைக்கிளை மண்மேட்டில் மோதி விழுந்துதான் நிறுத்தினேன். நண்பர் போட்டிருந்தது சாதாரணக் கம்பளிதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

என்னை விழவைத்தது வெளியில் இருந்த குளிரைவிட, கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட வியர்வைதான். இந்தப் பாடத்தைப் படிக்க உலகத்துக்கே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கதை 1823இல் தொடங்குகிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ் என்ற ரசாயனக்காரர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் புகாத துணி பிறந்தது. மழைக்கோட்டுக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. ஆரம்ப காலக் கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்தன, குளிரில் அட்டை போல விறைத்தன. கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் பெரிய குறை அப்படியே நின்றது. வெளியிலிருந்து தண்ணீர் வர வழியில்லாத துணியில், உள்ளேயிருந்து ஆவி போகவும் வழியில்லை. சும்மா உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவருக்கு அது போதும். உடம்பு வணங்கி வேலை செய்கிறவருக்குப் போதாது.

நம் ஊர் ஆட்டுக்காரர்கள் மழையிலும் குளிரிலும் கம்பளியைத்தான் போர்த்திக்கொண்டார்கள். நனைந்தாலும் கதகதப்பு முழுதும் போகாது, ஆவியும் தங்காது. இங்கிலாந்து ஆட்டிடையர்களின் அங்கியும் கிட்டத்தட்ட இதே குணம் கொண்டது என்பார்கள். அதைப் பார்த்துத்தான் தாமஸ் பர்பெரிக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் 1856இல், 21 வயதில் ஜவுளிக்கடை வைத்தவர் அவர். 1879இல் கபர்டீன் துணியை உருவாக்கி, 1888இல் காப்புரிமை பெற்றார். நெய்த துணிக்கு மேல் எதையும் பூசாமல், நூலையே நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பிறகு மிக நெருக்கமாக நெய்தார். காற்று புகாது, தூறல் ஒட்டாது, உள்ளிருக்கும் ஆவி மட்டும் நூலிடுக்கு வழியே வெளியேறும்.

தென்துருவப் பயணம் போன அமுண்ட்சனும் ஷாக்கில்டனும் இந்தத் துணியை நம்பினார்கள். 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் மேலங்கியும் கபர்டீன்தான். 1999இல் அவருடைய உடலைச் சுமார் 8,150 மீட்டர் உயரத்தில் கண்டெடுத்தபோது உடையின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றைப் பார்த்து அதே மாதிரி பட்டு, பருத்தி, கம்பளி உடைகளைத் தயாரித்து, 2006இல் கிரகாம் ஹாய்லண்ட் என்பவர் எவரெஸ்ட் சரிவில் அணிந்து பார்த்தார். அந்தக் காலத்து உடை எடை குறைவாகவும் வசதியாகவும் இருந்ததைக் கண்டு எல்லோருக்கும் ஆச்சரியம்.

அடுத்த படி இரண்டாம் உலகப்போரின்போது. தீயணைப்புக் குழாய்களுக்கான ஆளிநார் தட்டுப்பாடாகும் என்று பயந்து, மான்செஸ்டரில் ஷர்லி இன்ஸ்டிட்யூட் நிபுணர்கள் நீள இழைப் பருத்தியில் மாற்றுத் துணி தேடினார்கள். அதிலிருந்து வந்ததுதான் வென்டைல். பூச்சு எதுவும் கிடையாது. நனைந்தால் பருத்தி நூல் ஊதிப் பெருத்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் மறுபடி மூச்சு விடும். குளிர்ந்த கடலில் விழும் விமானிகளுக்கு இதில் உடை தைத்துக் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் உயிர் போக்கும் அந்தத் தண்ணீரில், மீட்புப் படகு வரும்வரை தாக்குப்பிடிக்க அது உதவியது.

1969 அக்டோபரில் அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க ஒடிந்தன. பொறுமை போய் வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தபோது கம்பி ஒடியாமல் கை நீளத்துக்கு நீண்டது. அப்படி இழுபட்ட பொருள் முழுக்க நுண்துளைகள். நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி தாராளமாகப் போகும் அளவு பெரியவை. இதுதான் கோர்டெக்ஸ். 1976இல் உடையாகக் கடைக்கு வந்தது.

அதே 1976 அக்டோபரில்தான் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண் பாதையில் சில இளைஞர்கள் பழைய தடிமன் டயர் சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். ஒரு தடவை இறங்கினால் பிரேக் சூட்டில் அச்சில் இருக்கும் கிரீஸ் எரிந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். மலை சைக்கிள் என்ற விளையாட்டு அங்கேதான் வளர்ந்தது. அவர்கள் போட்டிருந்தது ஜீன்ஸும் முரட்டுச் சட்டையும்தான்.

அப்படியானால் கோர்டெக்ஸே போதுமே என்று பேரன் கேட்பான். அங்கேதான் சூட்சுமம். ஆவி, ஈரம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் நகரும். அதற்கு நேரம் வேண்டும். மலையேற்றத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடக் கொட்டலாம். எந்தச் சவ்வாலும் அவ்வளவையும் அதே வேகத்தில் வெளியேற்ற முடியாது. வெளியே குளிர் என்றால் ஆவி துணியின் உள்பக்கத்திலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். மேல்துணி மழையில் ஊறிவிட்டால் மூச்சுவிடுவது பெருமளவு நின்றுபோகும்.

பந்தய வீரர்களுக்கு இது எப்போதோ தெரியும். டூர் டி பிரான்ஸில் உச்சிக்கு வந்ததும் ரசிகர்கள் நீட்டும் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது காற்றுக்கு ஒரு தடுப்பு. அதை மதிக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை 1988 ஜூன் 5 காட்டியது. இத்தாலிப் பந்தயமான ஜீரோ, அன்று காவியா கணவாய் வழியே போனது. உயரம் சுமார் 2,620 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உச்சியில் பனிப்புயல். டச்சு வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையில் முதலாவதாக உச்சியைத் தாண்டினார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்று ஒதுங்கினார். கடைசியில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கினார்.

அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினர் காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகளில் குளிர் உடைகளை வாங்கி வைத்திருந்தார்கள். அவர் உச்சிக்குச் சற்று முன்பு தொப்பியும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டார். அதில் சில நொடிகள் போயின. ஆனால் உடம்பு தாங்கியது. அன்றைய வெற்றி எரிக் பிரோய்கிங்க்குக்குப் போனாலும், மொத்தப் பந்தயத்தையும் ஹாம்ப்ஸ்டன்தான் வென்றார். ஜீரோவை வென்ற முதல் அமெரிக்கர் அவர்.

ஆகவே பேரனுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உள்ளங்கையில் சுருட்டி முதுகுப் பாக்கெட்டில் வைக்கிற அளவு மெல்லிய ஜாக்கெட் வாங்கு. கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பார். கொஞ்சமும் போகாவிட்டால் அது மழைக்கு. தாராளமாகப் போனால் அது வெறும் சட்டை. முக்கி ஊதினால் சிறிது போகிறதே, அதுதான் உனக்கு வேண்டியது. முன்னால் முழு ஜிப் இருக்கட்டும், முதுகுப்பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி பனியன் நல்லது. ஏறும்போது ஜாக்கெட்டைப் போடாதே. முதல் பத்து நிமிஷம் குளிர்ந்தால் குளிரட்டும். உச்சியில் டீ குடிப்பதற்கு முன்னால் போட்டுக்கொள், குடித்த பிறகு அல்ல. கைக்கு உறை மறக்காதே.

அந்த வளைவில் லாரி டிரைவர் இறங்கி வந்து, என் ரெயின்கோட்டைக் கழற்றச் சொல்லி, தன் சீட்டில் விரித்திருந்த கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார். "உள்ளே ஊறிப்போய்க் கிடக்கீங்களே தம்பி" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.