கொள்ளைநோயும் கொட்டாஞ்சேனையும்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், இறந்தோர் தொகையையும் அரசாங்கம் பிறப்பித்த கட்டளைகளையும் எழுதி அமைவதே வழக்கம். நோய் ஊரினுள் நுழைந்த அன்று ஒரு குடும்பத்துத் தாய் எதை எண்ணி அஞ்சினாள், கடைக்கு ஓடி எதை வாங்கினாள், எவரை வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பினாள் என்பன அவ்வேடுகளிற் காணக்கிடையா. கொட்டாஞ்சேனையிற் பிறந்து, மிஷன் பாடசாலையொன்றிற் பயின்று, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் நாம், எம் ஊராரின் அச்சத்தையும் அவர்கள் கைக்கொண்ட காப்பு முறைகளையும் பற்றிச் சிறிது ஆராயத் துணிந்தோம். பிழையிருப்பின் சங்கத்து மூத்தோர் பொறுத்துத் திருத்துவார்களாக.

கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் அயலூர். அரிசியும் ஆட்களும் கப்பலில் வந்து இறங்கிய இடத்தில் நோயும் இறங்கியதில் வியப்பில்லை. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் கூப்பிடு தொலைவில் நிற்க, தோட்டம் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிற் பல குடும்பங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பது இங்கு இயல்பு. இத்தகைய ஊரில் ஒருவருக்குக் காய்ச்சலென்றால் அது மறைந்திருப்பதில்லை. ஆகவே இங்கு நோய் வந்தபோதெல்லாம் மக்கள் இரண்டு அச்சங்களுக்கு நடுவே வாழ்ந்தனர். ஒன்று நோயைப் பற்றிய அச்சம். மற்றது, நோய்வீடு என்று பெயர் பெற்றுவிடுவோமோ என்ற அச்சம். இரண்டாவது பல வேளைகளில் முதலாவதிலும் கொடியதாயிற்று என்பதே எமது கருத்து.

வைசூரியை எடுத்துக்கொள்வோம். எமது பாட்டன்மார் அதனை வைசூரி என்று வாயாற் சொல்ல மாட்டார்கள். ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்பார்கள். கொப்புளம் முத்து எனப்பட்டது. ஈழத்தமிழர் இன்றும் ஒரு நோயைச் சின்னமுத்து என்கின்றனர். முத்துமாரி என்ற திருநாமத்தையும் இதனோடு சேர்த்தெண்ணுவார் பலர். அம்மாள் வந்த வீட்டின் வாசலில் வேப்பிலை கட்டுவர். அதைக் கண்டவர் உள்ளே புகார். வீட்டார் பிறர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்லார். தாளிதமும் மாமிசமும் அடுப்பங்கரையிலிருந்து விலகும். மஞ்சள் நீர் தெளிக்கப்படும். நோயாளிக்கென்று தனிப் பாயும் தனிப் பாத்திரமும் ஒதுக்கப்படும். முத்து உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை இந்நியமம் தளராது. மிஷன் பாடசாலையிற் கல்வி கற்றோர் சிலர் இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் ஆராயுமிடத்து, நோயாளியைத் தனிமைப்படுத்தல், வருவோரைத் தடுத்தல், குறித்த காலம்வரை வீட்டாரும் வெளியிற் செல்லாதிருத்தல் என்ற மூன்றும் இதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம். அதனிலும் மேலாக, வேப்பிலை கட்டிய வீட்டார் வெட்கப்படவில்லை. வந்தது குற்றமன்று, தெய்வம். அயலார் விலகி நின்றது அருவருப்பாலன்று, மரியாதையால்.

இவ்வழக்கத்தை நாம் புகழ்வதால், வேப்பிலை வைசூரியைத் தீர்த்தது என்று சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அது தீர்க்கவில்லை. பிழைத்தோர் பலர் முகத்தில் வடுவோடும் சிலர் கண்ணிழந்தும் வாழ்ந்தனர். ஊர் முழுவதும் அஞ்சி ஓடிய சந்தர்ப்பங்களில் மரியாதையும் நிலைக்கவில்லை. 1697ஆம் ஆண்டில் கண்டி நகரில் வைசூரி பரவியபோது, நோயுற்றோர் உறவினராலேயே கைவிடப்பட்டுக் காடுகளிற் கிடந்தனர். அவர்களைத் தேடிச் சென்று கஞ்சி வார்த்துக் காயங் கழுவியவர், கோவையிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார். தமிழ்நாட்டுக் கோவையன்று; போர்த்துக்கேயரின் கோவாவையே எம் முன்னோர் கோவை என்றனர். 2015 சனவரியிற் கொழும்பிலே பாப்பரசரால் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டவரும் இவரே. அவர் மதம் வேறு, எமது மதம் வேறு. எனினும் இச்செயலை மறப்பது நன்றியன்று.

அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு 1802இல் வந்தது. பாக்தாதிலிருந்து பாஸ்ராவுக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும், ஒரு பிள்ளையின் கையிலிருந்து மறு பிள்ளையின் கைக்கு மாற்றி மாற்றி அம்மருந்தைக் கொணர்ந்தனர். பம்பாயில் அதனை முதலிற் பெற்றவள் மூன்று வயதுச் சிறுமி. அவ்வாண்டிலேயே அது இங்கும் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் இத்தீவின் வைத்தியத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி என்பார், அதற்கு முன் இலங்கையில் வைசூரி விளைத்த நாசத்தைப் பற்றி 1811இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நியப் பிள்ளையொன்றின் புண்ணிலிருந்து எடுத்த நீரைத் தன் பிள்ளையின் தோலிற் கீறிவிட எந்தத் தாய்தான் உடனே சம்மதிப்பாள்? அத்தயக்கம் நீங்க ஒரு நூற்றாண்டு போதவில்லை. 1886இல் அம்மைப்பால் கட்டாயமாக்கப்பட்டுச் சட்டம் பிறந்தது. உலகில் இயற்கையாக வைசூரி கண்ட கடைசி மனிதர் 1977இல் சோமாலியாவில் இருந்தார். 1980இல் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலை செய்யாததை ஊசி செய்தது என்பதில் ஐயமில்லை.

1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடைச் சட்டத்தையும் இங்கு குறித்தல் வேண்டும். முந்திய ஆண்டில் பம்பாயில் பிளேக் தோன்றியிருந்த காலம் அது. நோயாளியை அகற்றவும், வீட்டைச் சோதிக்கவும், ஊரை அடைக்கவும் அச்சட்டம் அதிகாரமளித்தது. 1914இற் கொழும்புக்கே பிளேக் வந்தது. பிளேக் வைரசால் வருவதன்று, எலியின் தெள்ளுப்பூச்சியாற் பரவும் பற்றீரியாவால் வருவது. ஆயினும் மக்களுக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எம்மவர் மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, துணிமணிகள் மருந்து நீராவியில் அவிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். ஏழைக்குத் தொற்றுத்தடை என்றால் வைத்தியர் என்பது பொருளன்று, காவற்காரன் என்பதே பொருள் என்ற எண்ணம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. 1918இன் இன்புளுவன்சாக் காய்ச்சலோ தடுப்பதற்கு நேரமும் தரவில்லை. அதனை விளைத்த வைரசை மனிதரிடத்தில் 1933 வரை எவரும் பிரித்துக் கண்டதில்லை. இத்தீவில் மாத்திரம் அதனால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் குறைந்தனர் என்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு.

இனி நாமே கண்ட காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. அதற்கு ஏறக்குறைய பதினொரு மாதங்களுக்கு முன், 2019 ஏப்ரில் 21இல், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்து ஊரடங்கைக் கண்ட எம்மூரார்க்கு வெறிச்சோடிய வீதி புதிதன்று. புதிதாயிருந்தது அதன் நீளம். கொழும்பில் மே 26 வரை பகலிலும் அது நீடித்தது. சித்திரை வருடப்பிறப்பும் பெரிய வியாழனும் உயிர்த்த ஞாயிறும் கதவடைத்த வீடுகளிலேயே கழிந்தன. அன்றாடம் உழைத்து உண்ணும் நாட்டாமிகளும் நடைபாதை வியாபாரிகளும் அரசாங்கம் கொடுத்த ஐயாயிரம் ரூபாவை எத்தனை நாளைக்கு நீட்டியிருப்பர் என்பதை வாசகரே எண்ணிக் கொள்க. மரக்கறி லொறியின் மணியோசை கேட்டால் ஆறடி தூரம் என்பது எவர் நினைவிலும் நில்லாது.

அக்டோபர் மாதத்து இரண்டாம் அலைதான் எம்மூரை நேராகத் தாக்கியது. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய தொற்று, களனி கங்கைக்கு அப்பாலுள்ள பேலியகொடை மீன்சந்தையை அடைந்து, அங்கிருந்து மீனோடும் மீன் சுமந்தவரோடும் முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று பரவிற்று. பொலிஸ் பிரிவுகள் அடைக்கப்பட்டன. 1897ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் கீழ், முகக்கவசம் அணியாதோர்க்குப் பத்தாயிரம் ரூபா வரை குற்றமும் ஆறு மாதம் வரை சிறையும் என விதி வந்தது. நவம்பர் 14ஆந் திகதி தீபாவளியை நாம் அடைபட்ட ஊரிலே கொண்டாடினோம். கொண்டாடினோம் என்பது பெரிய சொல். எண்ணெய் வைத்து முழுகிப் பலகாரத்தை நாமே தின்றோம்.

அந்நாட்களில் ஒவ்வொரு வீடும் ஒரு வைத்தியசாலையாயிற்று. கொத்தமல்லியும் இஞ்சியும் அவிந்தபடியே இருந்தன. மாலையானால் ஆவி பிடித்தல். சிங்கள அயலார் வெனிவெல்கெட்ட என்று கொடுத்ததைப் பார்த்தால் அது எம்மவரின் மரமஞ்சளே. கடையிற் கொடுத்த மீதிப் பணத்தைச் சிலர் சவர்க்கார நீரில் அலசிக் கொடியிற் காயப்போட்டனர். வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் மஞ்சளைத் தேடிய அவ்வாண்டில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. கிலோ பல ஆயிரம் ரூபாவுக்கு விற்றது. இராமேசுவரக் கடலால் மஞ்சள் மூடைகள் கள்ளமாக வந்து பிடிபட்டன. பொன்னைக் கடத்தியது போய் மஞ்சளைக் கடத்தும் காலமும் வந்தது. வாசலில் மஞ்சள் நீர் தெளிக்க ஆசைப்பட்டவர் கால் தேக்கரண்டியை ஒரு வாளித் தண்ணீரிற் கரைத்தனர்.

இவை யாவும் வெளியிற் தெரிந்தவை. தெரியாதது ஒன்றுண்டு. இருமல் வந்தவர் தலையணையில் வாய் புதைத்து இருமினார். காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமற் குளிசை வாங்கினார்கள். சுகாதாரப் பரிசோதகர் தெருவில் இறங்கினால் பின்வழியால் நழுவியோரும் உண்டு. தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிச் சென்றால் வீட்டுக் கிழவியை யார் பார்ப்பது, திரும்பி வந்தால் வேலை இருக்குமா, பிள்ளையோடு பிறர் விளையாடுவரா என்பவை அவர்கள் கேள்விகள். எமது முஸ்லிம் அயலார்க்கோ இன்னொரு துயரம். கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென 2020 ஏப்ரிலில் வந்த விதி 2021 பெப்ரவரி இறுதிவரை நின்றது. நல்லடக்கம் கிடையாதென்றால் வைத்தியசாலைக்குப் போக எவர் மனம் துணியும்? அவ்விதிக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. 2024இல் அரசாங்கமே மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லது, ஆனால் அக்காலத்தில் வீட்டிலே மறைந்து கிடந்த காய்ச்சல்கள் எத்தனை பேருக்குப் பரவின என்பதை எந்த மன்னிப்பும் எண்ணித் தராது. தடுப்பூசி 2021 சனவரி 29இல் தொடங்கியது. நோய் தணியுமுன் இத்தீவில் 16,000 பேருக்கு மேல் மாண்டனர்.

பிறர் குறையை எழுதும் நாம் எம் குறையை மறைத்தல் தகாது. நவம்பர் நடுப்பகுதியில் எமது மாடிவீட்டுக்கு மேல்தளத்தில் ஒரு குடும்பத்தின் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. நாம் அவ்வீட்டாரோடு தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டோர். ஒட்டிய மறுகணம் எமது கதவைச் சாத்தினோம். படிக்கட்டில் அவர்கள் கால் படுமென்று தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அவ்வீட்டு அன்ரி யன்னலால் ‘தம்பி, ஒரு பாண் வாங்கித் தருவீரோ?’ என்று கேட்டது எமது காதில் விழுந்தது, விழாதது போலிருந்தோம். ஐந்தாம் நாள் தந்தையார்க்குத் தொற்று உறுதியாகி அவரை அழைத்துச் செல்ல, அதே மஞ்சள் கடதாசி எமது கதவிலும் ஏறியது.

அன்றிரவு வீட்டில் எவரும் பேசவில்லை. எமது அம்மம்மா மாத்திரம், பின்வளவு வேம்பிலிருந்து ஒரு கொத்து முறிப்பித்து, அறிவித்தலுக்குப் பக்கத்தில் நூலாற் கட்டுவித்தார். ‘கடதாசியைக் கண்டால் சனம் ஓடும். இதைக் கண்டால் நின்று என்னெண்டு கேட்கும்’ என்றார். மறுநாள் காலை வாசலில் ஒரு பையில் பாணும் பருப்பும் இருந்தன. மேல்வீட்டு அன்ரியின் தனிமைக்காலம் முடியவில்லை. தம் உறவினர் ஒருவரைக் கொண்டு வாங்குவித்து வைப்பித்திருந்தார். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்க மேலும் ஒரு மாதம் சென்றது.

பதினான்காம் நாள் அறிவித்தலைக் கிழிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர் சிங்களவர். காய்ந்து சுருண்ட வேப்பிலையைப் பார்த்து, இது எதற்கென்று கேட்டார். நாம் தடுமாறி விளக்கினோம். அவர் தலையசைத்து, தம் ஊரிலும் இதுவே வழக்கமென்றும், அம்மை நோய்களைத் தம்மவர் ‘தெய்யங்கே லெட’, அதாவது தெய்வங்களின் நோய், என்பரென்றும், தம் தாயார் கொஹொம்ப இலை கட்டாமல் விட்டதில்லை என்றும் கூறினார். பின்பு கடதாசியை மாத்திரம் உரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.