தொடுதிரைக்கு வாய் வந்த வரலாறு

கைபேசிகளில் எண்பொத்தான்கள் இருந்த காலத்தில் ஐந்தாம் எண்ணின் மீது ஒரு சிறு புடைப்பு இருக்கும். விரல் நுனி அதைத் தொட்டதும் மற்ற எண்கள் எந்தத் திசையில் உள்ளன என்பது தெரிந்துவிடும் என்பதால், பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றி ஓர் எண்ணை அழுத்தி அழைப்பதற்கு அந்த ஒரு புள்ளியே போதுமானதாக இருந்தது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது எண்பொத்தான்களோடு அந்தப் புடைப்பும் மறைந்தது. முகப்பு ஏறத்தாழ முழுவதும் வழவழப்பான ஒரே கண்ணாடியாகிவிட, அதுவரை தொட்டறியும் பொருளாக இருந்த பொத்தான் கண்ணால் மட்டுமே காணக்கூடிய ஓவியமாயிற்று. அந்தக் கண்ணாடி பின்னர் எவ்வாறு பார்வையற்றோரின் கைவசப்பட்டது, இன்றும் எங்கெங்கே வசப்படாமல் நிற்கிறது என்பதை ஆண்டுவரிசையில் தொடர்ந்து பார்ப்பவர்க்கு, தொழில்நுட்பம் வளர்ந்த வேகத்தில் தானாகத் திறந்த கதவு என்று இதில் எதையும் சுட்ட இயலாது என்பது விளங்கும். பார்வையற்றோர் கேட்டும், வழக்காடியும், சில வேளைகளில் தாமே கருவியைச் செய்துகொண்டுமே ஒவ்வொரு கதவும் திறந்திருக்கிறது.

பார்வையுள்ளோர் தம் கண்ணுக்கு ஏற்றபடி ஒன்றைச் செய்துவிட்டு, அதுவே பார்வையற்றோருக்கும் போதும் என்று கருதிக்கொள்ளும் போக்கு கைபேசியோடு தொடங்கியதன்று. பாரிஸ் நகரின் பார்வையற்றோர் பள்ளியில் முதலில் பயன்படுத்தப்பட்டவை, உரோமன் எழுத்துகளைத் தாளில் புடைக்குமாறு அச்சிட்ட பருமனான நூல்கள். அங்கே மாணவராக இருந்து ஆசிரியரான லூயி பிரெயில், ஆறு புள்ளிகளைக் கொண்ட தம் எழுத்துமுறையை 1829-இல் நூலாக வெளியிட்டார். விரலுக்கு அது எளிதாக இருந்தபோதும், பார்வையுள்ள ஆசிரியர்களால் பார்த்துப் படிக்க முடியாத எழுத்து என்பதே அதற்குக் குறையாகச் சொல்லப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் தடை செய்யப்பட்டு, மாணவர்கள் மறைவாக எழுதிப் பழகிய அம்முறைக்கு, பிரெயில் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல்தான் அரசின் ஏற்பு கிடைத்தது. இந்தியாவில் 1887-இல் அமிர்தசரஸிலும், 1890-இல் பாளையங்கோட்டையில் ஆனி ஆஸ்க்வித் என்னும் சமயப்பணியாளரின் முயற்சியாலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. ஆனால் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ‘பாரதி பிரெயில்’ ஒழுங்குபட்டது 1951-இல். கண்டுபிடிப்புக்கும் அது உரியவர் கையில் சேர்வதற்கும் இடையே உள்ள இந்தக் காலதாமதமே இவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது.

கணினித் திரையில் தோன்றுவதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தின் கணிதவியலாளர் ஜிம் தாட்சர் உருவாக்கிய வாசிப்பான், எழுத்துகள் மட்டுமே தோன்றிய டாஸ் இயங்குதளத்தின் திரையை வரிவரியாகப் படித்தது. பிறகு சன்னல்களும் படக்குறிகளும் நிறைந்த விண்டோஸ் பரவியபோது திரையில் எழுத்துக்குப் பதில் வண்ணப்புள்ளிகளே எஞ்சின. வாசிப்பானுக்குப் பிடிமானம் போயிற்று, அலுவலகங்களில் கணினியை நம்பிப் பணியாற்றிய பார்வையற்றோரின் வேலைக்கே ஆபத்து வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், இந்நிலை மாறாவிடில் விண்டோஸ் 95-ஐ வாங்குவதை நிறுத்துவதாக எச்சரித்ததும் மைக்ரோசாப்ட் அசைந்தது; 1997-இல் அந்நிறுவனம் ஓர் இடைமுகத்தை வெளியிட்டது. அதாவது, ஒவ்வொரு நிரலும் தன் உறுப்புகளின் பெயர் என்ன, அது பொத்தானா பட்டியலா, இப்போது தேர்வாகியுள்ளதா இல்லையா என்னும் செய்திகளைத் திரைக்குப் பின்னாலேயே வாசிப்பானிடம் ஒப்படைப்பதற்கான வழி அது. இன்று கைபேசிச் செயலிகளில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-இல் ஒரு விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் உருவாக்கிய ‘ஜாஸ்’ வாசிப்பான் விலை மிகுந்ததாக இருந்ததால், பார்வையற்ற இரு ஆஸ்திரேலிய இளைஞர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோர் 2006 முதல் ‘என்விடிஏ’ என்னும் வாசிப்பானை உருவாக்கி இலவசமாக வழங்கினர். அதனோடு இணைந்து வந்த ‘ஈஸ்பீக்’ குரல் தமிழும் பேசியது. இயந்திரத்தனமான உச்சரிப்புதான் என்றாலும், ஆயிரம் டாலர் கொடுக்க வழியில்லாத ஒரு தமிழ் மாணவருக்கு அந்தக் குரலின் மதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கைபேசியில், நோக்கியாவின் சிம்பியன் வகைக் கருவிகளுக்கு ‘டாக்ஸ்’, ‘மொபைல் ஸ்பீக்’ போன்ற வாசிப்பான்கள் இருந்தன. கருவியின் விலைக்கு மேல் அவற்றுக்குத் தனி விலை கொடுக்க வேண்டும். 2007-இல் வந்த ஐபோனிலோ விலை கொடுத்தாலும் வாசிப்பான் இல்லை. அமெரிக்கப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளைக் குறித்து முறையிட்டு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் முன்னிலையில் 2008-இல் ஓர் உடன்பாடு எட்டப்பட்டு, ஐட்யூன்ஸைப் பார்வையற்றோர் பயன்படுத்துமாறு அமைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2009 ஜூனில் வெளியான ஐபோன் 3ஜிஎஸ் ‘வாய்ஸ்ஓவர்’ என்னும் வாசிப்பானை உள்ளிருப்பாகவே கொண்டு வந்தது. கடையில் எல்லோரும் வாங்கும் அதே கருவியை, அதே விலைக்கு வாங்கி, உறையைப் பிரித்த நாளிலேயே பார்வையற்றவரும் பயன்படுத்தலாம் என்னும் நிலை தொடுதிரைக் கைபேசி வரலாற்றில் அன்றுதான் பிறந்தது.

அதன் உள்ளமைப்பு எளிய ஒரு மாற்றத்தில் நிற்கிறது. வழக்கமாக ஒரு தொடலே பொத்தானை இயக்கிவிடும். வாய்ஸ்ஓவரிலோ ஒரு தொடல் விரலடியில் இருப்பதன் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது, இருமுறை தட்டினால்தான் அது இயங்கும். விரலைக் கண்ணாடியின் மீது மெல்ல நகர்த்திச் சென்றால் ஒவ்வொரு படக்குறியும் தன் பெயரைக் கூறும். வலப்புறமாக ஒரு சுண்டு சுண்டினால் அடுத்த உறுப்புக்குப் போகும், இடப்புறமாகச் சுண்டினால் முந்தையதற்குத் திரும்பும். தேடுவதும் இயக்குவதும் இவ்வாறு இரண்டாகப் பிரிந்ததால், தவறிப் பட்ட விரலால் யாருக்கோ அழைப்பு போய்விடும் என்னும் அச்சம் நீங்கியது. திரையை அணைத்துவிட்டும் பணியைத் தொடர வழி இருப்பதால், பேருந்தில் அருகில் அமர்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தாலும் கருமையைத் தவிர வேறெதையும் காணமாட்டார்.

அதே காலத்தில் கூகுள் நிறுவனத்தில் டி. வி. ராமன் என்னும் இந்தியர், சார்லஸ் சென் என்னும் பொறியாளருடன் ஆண்ட்ராய்டு கைபேசிகளைக் கண்ணின் துணையின்றி இயக்கும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தார். பதினான்காம் வயதில் பார்வையிழந்து, மும்பை ஐஐடியிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ராமன், எண்களை உள்ளிடுவதற்குக் கண்ட தீர்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. திரையில் விரல் முதலில் எங்கே பட்டாலும் அந்த இடத்தையே ஐந்து என்று கருவி கொள்ளும். அங்கிருந்து மேல் இடப்புறம் இழுத்தால் ஒன்று, கீழே இழுத்தால் எட்டு. எண்பொத்தானோடு மறைந்த அந்தப் புடைப்பைப் பார்வையற்ற ஒருவரே, தொட்ட இடமெல்லாம் ஐந்தாகுமாறு, கண்ணாடிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் எனலாம். 2009 செப்டம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 1.6 பதிப்பு ‘டாக்பேக்’ வாசிப்பானுக்கு இடமளித்தது. விரலை நகர்த்தித் திரையை ஆராயும் வசதி 2011-இல் 4.0 பதிப்போடு வந்தது. விலை குறைந்த கைபேசிகளில் ஆண்ட்ராய்டே நிறைந்திருந்ததால், இந்தியாவின் பார்வையற்றோரில் பெரும்பாலோர்க்குத் தொடுதிரை அறிமுகமானது டாக்பேக்கின் குரல் வழியாகவே.

கருவி பேசத் தொடங்கியதும் சிக்கல் செயலிகளுக்கு இடம் பெயர்ந்தது. வாசிப்பான் தானாக எதையும் பார்ப்பதில்லை. செயலியை எழுதியவர் ஒவ்வோர் உறுப்புக்கும் இட்டுவைத்த பெயரையே அது உரைக்கிறது. பூதக்கண்ணாடிப் படம் வரைந்த பொத்தானுக்கு ‘தேடு’ என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தால் ‘தேடு, பொத்தான்’ என்று கேட்கும்; எழுதாமல் விட்டிருந்தால் வெறுமனே ‘பொத்தான்’ என்று கேட்கும், அல்லது படக்கோப்பின் பொருளற்ற பெயர் எழுத்தெழுத்தாக வரும். ஒரு திரையில் இத்தகைய பெயரற்ற பொத்தான்கள் ஆறேழு வரிசையாக நின்றால், எது பணத்தை அனுப்பும், எது அழிக்கும் என்று அறிய வழியின்றிப் பயனர் நிற்க வேண்டியதுதான். அந்த ஒரு வரியை எழுதச் சில நொடிகளே ஆகும் என்பதால், இது இயலாமையால் நேர்ந்த தடை என்று கொள்வதற்கில்லை.

அமெரிக்கக் கூட்டமைப்பு 2011-ஆம் ஆண்டு மாநாட்டிலேயே, பெயரற்ற பொத்தான்களைக் கொண்ட செயலிகளைத் ஆப்பிள் தன் செயலிக் கடையில் அனுமதிப்பதற்காக அந்நிறுவனத்தின் மீது ஏமாற்றம் தெரிவித்துத் தீர்மானம் இயற்றியது. 2014-இல் மீண்டும், அணுகல்தன்மைக்கான விதிகளை வகுத்து, ஒரு செயலி புதுப்பிக்கப்படும்போது முன்பிருந்த வசதி தொலைந்துபோகாமல் காக்க வேண்டும் என்று கோரியது. அணுகல்தன்மை என்பது உடற்குறை எதுவாயினும் ஒரு பொருளையோ சேவையையோ சமமாகப் பயன்படுத்த இயலுமாறு அது அமைந்திருத்தலாகும். இத்தீர்மானங்கள் பார்வையற்றோரிடையே கடும் விவாதத்தை எழுப்பின. இவ்வளவு செய்த நிறுவனத்தைக் குறை கூறுவது நன்றியின்மை என்று சிலரும், கட்டாயப்படுத்தினால் சிறு நிரலாளர்கள் விலகிவிடுவர் என்று வேறு சிலரும் வாதிட்டனர். அவ்வாதங்களில் நல்லெண்ணம் இல்லாமலில்லை. ஆயினும் காலையில் வேலை செய்த வங்கிச் செயலி மாலையில் புதுப்பிக்கப்பட்டதும் ஊமையாகிவிடும் அனுபவம் பலர்க்கும் வாய்த்திருக்க, கூட்டமைப்பு கேட்டது நியாயத்தின் குறைந்தபட்ச அளவே. பெயரற்ற பொத்தானுக்குப் பயனரே பெயரிட்டுக்கொள்ளும் வசதியும், 2020-இல் படத்தைக் கொண்டு அது எந்தப் பொத்தான் என்று ஊகித்துச் சொல்லும் வசதியும் பின்னர் வந்தன. எழுதியவர் விட்ட வேலையைப் பயனரும் இயந்திரமும் பங்கிட்டுக்கொண்டது இதன் பொருள்.

நீதிமன்றங்களின் பங்கும் பெரிது. இணையத்துக்கான அணுகல்தன்மை நெறிகள் 1999-இலேயே வெளியாகியிருந்தன. தொடுதிரைக்குரிய நெறிகளைச் சேர்த்த 2.1 பதிப்பு 2018-இல் வந்தது. இவை தொழில்நுட்பப் பரிந்துரைகளாக இருந்த நிலையில், டாமினோஸ் நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும் பீட்சா கேட்டுப் பெற இயலவில்லை என்று கியர்மோ ரோப்லஸ் என்னும் பார்வையற்றவர் 2016-இல் தொடுத்த வழக்கில், அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் செயலிக்கும் பொருந்தும் என்று 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த மனுவை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் மறுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஐபோன் விற்பனைக்கு வந்த அதே 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன்படி இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகல்தன்மையின் வரம்பில் சேர்த்தது. ரூபாய் நோட்டை அடையாளங்கண்டு சொல்லும் ‘மணி’ என்னும் செயலியை 2020 ஜனவரி முதல் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்டது; இணைய இணைப்பின்றியும் அது இயங்கும். அதற்குள் பணமே செயலிக்குள் குடியேறிவிட்டிருந்தது. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் அட்டை வாங்கவும் மின்னணு வழியில் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை பரவியபோது, முகத்தைச் சட்டகத்துக்குள் நிறுத்திக் கண்ணைச் சிமிட்டுமாறு கட்டளையிட்ட செயலிகள், சட்டகம் எங்கே என்று காணாதவரையும், அமிலத் தாக்குதலில் இமையை இழந்தவரையும் ஒருசேர வெளியே நிறுத்தின. அத்தாக்குதலுக்கு உள்ளானோரும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அளித்த தீர்ப்பு, மின்னணு வழிகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் கூறு என்று அறிவித்து, 20 நெறிமுறைகளை வகுத்தது. கண்சிமிட்டலுக்கு மாற்று வழி, காலமுறைத் தணிக்கை, செயலியைச் சோதிக்கும் கட்டத்திலேயே பார்வையற்றோரை ஈடுபடுத்துதல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். யூனிகோடு நிலைபெறுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டன. அவற்றில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில விசைகளின் வரிசையே. ‘அம்மா’ என்று பாமினியில் அடித்த சொல்லை வாசிப்பான் எழுத்தெழுத்தாகப் படித்தால் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று கேட்கும். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபின் இந்நிலை பெரிதும் மாறியிருந்தாலும், பழைய கோப்புகள் அப்படியே செயலிகளுக்குள் ஏற்றப்படுவதும், அறிவிப்பையும் செய்தியையும் எழுத்தாக இடாமல் ஒரே படமாகப் பதிவதும் தொடர்கின்றன. அழகிய எழுத்துருவில் அமைத்த அந்த அறிவிப்பின் மீது விரலை வைத்தால், வாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறது.