பானை ஓட்டில் எழுதிய நோயாளிப் பட்டியல்

ரோம் நகரத்து பாந்தியான் கோயிலை படத்துலயாவது பார்த்திருப்பீங்க. முகப்புல நிற்கிற சாம்பல் நிறத் தூண்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். ஒரே கல்!

இந்தக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா?

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துல, மோன்ஸ் கிளாடியானஸ் என்ற குவாரியிலிருந்து. நைல் நதி வரை 100 கிலோமீட்டருக்கு மேல தரைவழி, அப்புறம் கப்பல்.

பாலைவனத்துல கல் உடைக்கிற வேலைன்னா அடிமைகளும் கைதிகளும்தான் செஞ்சிருப்பாங்கன்னு தோணும்ல? ஆய்வாளர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைச்சாங்க.

1987 முதல் 1993 வரை நடந்த அகழாய்வு அதை மாத்திருச்சு. அங்கே கிடைச்சது எழுத்துள்ள பானை ஓடுகள், 9000-க்கும் மேல. கூலிக் கணக்கு, தண்ணீர்ப் பங்கீடு, கடிதங்கள். உள்ளூர் எகிப்தியத் தொழிலாளிக்கு மாசம் 47 திராக்மா கூலி, கூடவே கோதுமை. நைல் கரையில் கிடைச்ச கூலியை விட இது அதிகம்.

ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்சது அதுல இருக்கிற நோயாளிப் பட்டியல்கள்தான். ஆள் பேர், சிலதுல காரணமும் உண்டு: கண் நோய், தேள் கடி.

யாரோ ஒரு கணக்கர் எழுதி வெச்சதால, 1900 வருஷம் கழிச்சும் அவங்க நமக்குப் பேருள்ள மனுஷங்க.

இப்போ உங்க வீட்டுல யாராவது கல்குவாரியில, கிரஷர்ல வேலை செஞ்சிருந்தா, இருமல்னு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதை மறக்காம சொல்லுங்க. கல் தூசியால வர்ற சிலிகோசிஸ், எக்ஸ்ரேல காசநோய் மாதிரியே தெரியலாம்.

ஓ.பி. சீட்டுல தொழிலையும் எழுதச் சொல்லிக் கேளுங்க. அது உங்க உரிமை.