சேர்வராயன் மலையும் அதன் குகைக் கோயிலும்

சேலம் நகரினின்று வடதிசை நோக்குவார்க்கு மேகம் படிந்து தோன்றும் மலையை இக்காலத்தார் பெரும்பாலும் ஏற்காடு என்றே வழங்குவர். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடாயிற்று என்ப. அஃது மலைமேலுள்ள ஓர் ஊரின் பெயரேயாம். மலை முழுமைக்கும் பெயரளித்தவர் அதன் சிகரத்திற் கோயில் கொண்டுள்ள சேர்வராயப் பெருமான். ஆங்கிலேயர் நாவில் 'ஷெவராய்' எனத் திரிந்ததும் அப்பெயரே.

வானளாவிய கோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் எதிர்பார்த்துச் செல்வோர் இவ்விடத்து ஏமாறுவர். ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், ஒடுங்கியதொரு குகையே கோயில். எத்துணைப் பெரிய உத்தியோகஸ்தராயினும் தலை குனிந்தே உட்புக வேண்டும். உள்ளே சேர்வராயரும் காவேரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். இக்குகைவழி காவிரி நதிவரை செல்லுமென மலைவாசிகள் கூறுவதுண்டு. அதனை அளந்து பார்த்தல் நம் வேலையன்று. மேற்கே மேட்டூர்ப் பக்கம் ஓடும் ஆற்றையும் தாம் வாழும் மலையையும் அவர்கள் ஒரே சந்நிதியில் வைத்து வணங்குகின்றனர் என்பதே நாம் கருதற்பாலது.

இம்மலையின் சரித்திரம் எழுதப் புகுந்தோர் பலரும் 1820ஆம் ஆண்டினின்றே தொடங்குவர். அவ்வாண்டு முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார் என்பதும், பின்னர்த் தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின என்பதும் மெய்யே. ஆயினும் காகிதம் வருமுன் மலையில் மாந்தர் இலரோ?

மலையாளிகள் எனப்படும் பூர்வ குடிகள் அங்கு வாழ்ந்தனர். மலையை ஆள்வோர் என்பதே பொருளாகலின், கேரள நாட்டாரோடு இவர்களை இணைத்தல் பிழை. இவர் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்தினின்று புறப்பட்ட மூன்று சகோதரரின் வழிவந்தோர் தாம் என்றும், அம்மூவரின் சந்ததியாரே சேர்வராயன், பச்சை, கொல்லி ஆகிய மலைகளிற் குடியேறினர் என்றும், தம் முன்னோர் வேளாளர் என்றும் இவர்கள் சொல்லிவருகின்றனர். 1909இல் வெளியான தர்ஸ்டன் துரையின் நூலிலும் இவ்வரலாறு இடம்பெற்றுள்ளது. மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்றாகப் பகுத்து, நாட்டுத் தலைவரைக் கொண்டு வழக்குத் தீர்த்த முறையும் இவர்களுக்கு இருந்தது.

நம்மனோரிற் பலர், செப்பேடு கிடைத்தாலன்றிக் குலவரலாறு இல்லையெனச் சோர்கின்றனர்; வேறு சிலரோ இல்லாத செப்பேட்டை உண்டாக்கவும் துணிகின்றனர்! மூன்று சகோதரர் கதையை எழுத்துக்கு எழுத்து நம்பவேண்டுவதில்லை. ஆயினும் தூரதூரமாய்ப் பிரிந்த மூன்று மலையாரும் தம்மை ஒரு வயிற்றுப் பிள்ளைகளென நினைவு கொண்டிருப்பது அலட்சியம் செய்யத்தக்க சாட்சியன்று.

இக்கதையில் வேளாளராய்த் தோன்றும் இவர்கள் அரசாங்கப் பட்டியலில் பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினர்க்கே ஒதுக்கப்பட்டுள்ளது. இது முரணன்றோ என வினவுவாருளர். முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது வேறு. தோட்டங்கள் பெருகிய மலையில் அவர் வழியினர் என்ன நிலையடைந்தனர் என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுத்தல் நியாயமாகாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையிலேயே பாக்சைட் மண்ணும் வெட்டியெடுக்கப்பட்டது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயருக்குத் திருவிழா நடைபெறுகிறது. மலைக்கிராமத்தார் குடும்பத்துடன் சிகரமேறி வருவர். கீழ்நாட்டாரும் திரளாகச் செல்வதுண்டு. நம் அன்பர்கள் ஏற்காடு செல்லுங்கால், படகுத்துறையோடு திரும்பிவிடாது அக்குகை வாயில்வரை சென்று, அங்குள்ள முதியோரிடம் நாட்டுப் பிரிவுகளைப் பற்றி வினவி, கேட்டதைக் கேட்டவாறே குறித்துவரின், இப்பத்திரிகையில் அதற்கு இடமுண்டு.