சுவருக்குள் ஒரு கைக்கடிகாரம்

எங்கள் ஊர் தொண்டூர். செஞ்சிக்குப் பக்கத்தில். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு என்றால், சாயங்காலம் செஞ்சியிலிருந்து டிவியும் டெக்கும் வந்து இறங்கும். டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் ஒருவர் போர்வை சுற்றிய டிவியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார். பையில் நான்கு கேசட். முதலில் ஒரு சாமி படம், அடுத்து எம்ஜிஆர், பிறகு ரஜினியோ விஜயகாந்தோ. நான்காவது விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஓடும். குழந்தைகள் தூங்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் போடப்படும் படம் அது.

நான் தூங்கவில்லை. சத்யராஜ் மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டோடு வந்து நின்றார். ஆயாவின் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு நூல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நளினி ஒரு பழைய பங்களாவின் சுவரை உடைக்கிறார், உள்ளே எலும்புக்கூடு. திண்ணையே கப்சிப். கொத்தனார் வேலை பார்க்கும் என் பெரியப்பா மட்டும் சத்தமாகச் சொன்னார்: "ஒம்பது இஞ்ச் சொவத்துல ஆள எப்படிடா வெப்ப?" ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதன் பிறகு ரொம்ப நாள் சுவரோரமாகப் படுக்கவே மாட்டேன்.

படம் 'நூறாவது நாள்' (1984), இயக்கம் மணிவண்ணன். பாரதிராஜாவிடம் இருந்து வந்தவர், 'கோபுரங்கள் சாய்வதில்லை' (1982) எடுத்தவர். அந்தக் குடும்பக் கதைக்காரர் 1984இல் 'நூறாவது நாள்', 'இருபத்து நாலு மணி நேரம்' என்று ரத்தத்தில் இறங்கினார். விஜயகாந்தும் மோகனும் இருந்த படத்தில், கொஞ்ச நேரமே வந்த சத்யராஜ்தான் எல்லோர் மனதிலும் நின்றார். மைக் பிடித்துப் பாடும் நல்ல பையனான மோகனுக்கு வேறு முகம் கொடுத்ததும் இந்தப் படம். அதே காலத்தில் சென்னையை உலுக்கிய ஒரு கூட்டுக் கொலை வழக்கு இந்தப் படத்தோடு சேர்த்தே பேசப்பட்டது. ஒரு சினிமா ஊரில் ஏற்படுத்திய நடுக்கத்துக்கு அதுவும் ஒரு சாட்சி.

பல வருடம் கழித்து, வேலைக்குப் போய்ச் சொந்தமாக லேப்டாப் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் சுவர் முதலில் கட்டப்பட்டது இத்தாலியில் என்று.

1977இல் லூச்சியோ ஃபுல்ச்சி எடுத்த 'செத்தே நோத்தே இன் நேரோ'. 'கறுப்பில் ஏழு ஸ்வரங்கள்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'தி சைக்கிக்'. ஜெனிஃபர் ஓ'நீல் அதில் வர்ஜீனியா. சிறுமியாக ஃப்ளாரன்ஸில் இருக்கும்போது, எங்கோ இங்கிலாந்தில் டோவர் பாறைமேல் இருந்து தன் அம்மா குதிப்பதை மனக்கண்ணில் பார்த்தவள். வளர்ந்து, கல்யாணமாகி, ஒருநாள் தனியாகக் கார் ஓட்டிப்போகிறாள். சுரங்கப்பாதை, வெளிச்சம், மறுபடி சுரங்கப்பாதை. அந்த இருட்டில் துண்டு துண்டாகக் காட்சிகள் வருகின்றன: சிவப்பு விளக்கு, உடைந்த கண்ணாடி, ஒரு பத்திரிகை அட்டை, மஞ்சள் சிகரெட், காலைச் சாய்த்து நடக்கும் ஒருவன், எழும்பிக்கொண்டே வரும் ஒரு சுவர். கணவனின் பழைய மாளிகையில் அதே அறையைப் பார்த்துச் சுவரை உடைக்கிறாள். எலும்புக்கூடு கிடைக்கிறது. கணவனைப் போலீஸ் கொண்டுபோகிறது.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) அவளை அசைத்துப் போடுவது அந்தப் பத்திரிகை அட்டைதான். எலும்புக்கூட்டுக்குரிய பெண் செத்தபோது அந்த இதழ் அச்சாகவே இல்லை. அப்படியானால் தான் பார்த்தது நடந்து முடிந்த கொலை இல்லை, இனி நடக்கப்போவது. சுவருக்குள் போகப்போவது யார் என்பது அவளுக்கு மெதுவாகப் புரிகிறது. கடைசியில் அவள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம், பூசிய சுவருக்குள்ளிருந்து ஏழு ஸ்வரங்களை வாசிக்கிறது. அவ்வளவுதான், படம் முடிகிறது. ஃபேபியோ ஃப்ரிட்சி உட்பட மூன்று பேர் சேர்ந்து அமைத்த அந்த இசையை 2003இல் டாரண்டினோ 'கில் பில்'லில் எடுத்துப் போட்டார். நாமெல்லாம் அதை அங்கேதான் முதலில் கேட்டிருப்போம்.

இத்தாலியில் இந்த வகைக்கு 'ஜல்லோ' என்று பெயர். மஞ்சள் என்று அர்த்தம். மொண்டடோரி பதிப்பகம் 1929இலிருந்து மஞ்சள் அட்டை போட்டு விற்ற துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர் அது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மலிவுக் காகிதம், அட்டையில் ஒரு பெண், ஒரு கத்தி. மதிப்புரை எழுதுகிறவர்கள் தொட மாட்டார்கள், பயணம் போகிற எல்லோரும் படிப்பார்கள்.

மணிவண்ணன் 'காப்பி' அடித்தார் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். டைட்டிலில் ஃபுல்ச்சிக்கு நன்றி இல்லை, அது குறைதான். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அவர் மாற்றிய இடத்தைப் பாருங்கள். வர்ஜீனியாவுக்குச் சுவருக்குள் இருப்பவள் யாரோ. நளினியின் கண்ணில் தெரிவது கூடப்பிறந்தவளின் சாவு. இத்தாலியப் படம் ஒரு புதிரைக் குளிர்ச்சியாக அவிழ்க்கிறது, தமிழ்ப் படம் அதே புதிரை ஒரு வீட்டுத் துக்கமாக ஆக்குகிறது. எங்கள் திண்ணையில் பெண்கள் அந்த இடத்தில் அழுதார்கள், பயந்தது அப்புறம்தான். கை மாறுவது கதைக்கு மட்டும் நடப்பதும் இல்லை. இந்தப் படத்தில் இளையராஜாவின் புகழ்பெற்ற டூயட் மெட்டு, அவரே 1981இல் கன்னட 'கீதா'வுக்குப் போட்டது. படமும் 1991இல் மாதுரி தீட்சித்தோடு '100 டேஸ்' ஆகி இந்திக்குப் போனது.

1984 வேறொரு விதத்திலும் விசேஷமான வருடம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி வந்தது, கூடவே வீடியோவும் பரவியது. தியேட்டர்காரர்கள் பதறினார்கள். டெக்கில் படம் காட்ட லைசென்ஸ் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 1984இல் தனிச் சட்டமே போட்டது. டெல்லியில் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோவை உள்ளே கொண்டுவந்ததும் அதே வருடம். அதே 1984இல் இங்கிலாந்திலும் வீடியோவுக்கு ஒரு சட்டம் வந்தது. அங்கே 'ஆபாச வீடியோ' என்று 72 படங்களைப் பட்டியலிட்டு வழக்குப் போட்டார்கள். ஃபுல்ச்சியின் ஜாம்பி படம் அதில் ஒன்று. ஆக, லண்டனில் ஒரு போலீஸ்காரர் கடை அலமாரியிலிருந்து ஃபுல்ச்சியின் கேசட்டை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஃபுல்ச்சியின் கதை வேறு பெயரில் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் லைசென்ஸ் என்ற வார்த்தையை டிராக்டர் ஓட்டுகிறவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு படங்களின் தலையெழுத்தும் பிரிகிறது. 'தி சைக்கிக்' ரொம்ப காலம் மங்கலான கேசட்டுகளில் அலைந்தது. 2007இல் அமெரிக்காவின் செவரின் நிறுவனம் டிவிடி போட்டது. பிறகு ப்ளூ-ரேயும் வந்தது. நான் பார்த்த பிரதியில் அந்தச் சுரங்கப்பாதை இருட்டுக்குள்ளே இன்னொரு இருட்டு தெரிந்தது. ஜெனிஃபர் ஓ'நீலின் கண்மேல் மட்டும் விழும் ஒரு கோடு வெளிச்சம்கூடச் சிதறாமல் இருந்தது. வெளியான காலத்தில் யாரும் பெரிதாக மதிக்காத படம் அது. நான்கைந்து கிறுக்கர்கள் உட்கார்ந்து அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

'நூறாவது நாள்' விசிடியைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கினேன். மோசர் பேயர் வந்து விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அடித்து நொறுக்கிய 2007ஐ ஒட்டிய காலம். நான் வாங்கியது அவர்களுடையது இல்லை, அட்டையில் பெயரே இல்லாத ஒன்று. விசிடி என்றால் 352க்கு 288 புள்ளிகள். ஒரு நொடிப் படத்துக்குக் கிட்டத்தட்ட 1.15 மெகாபிட்தான் கிடைக்கும். முகங்களுக்கே அது போதாது. இருட்டில் அந்தக் கணக்கு முதலில் கைவிடுவது நிழல்களைத்தான்: பக்கத்துப் பக்கத்துக் கறுப்பையெல்லாம் ஒரே கட்டமாக்கி, "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதி வைத்துவிடும். ஆக, நளினி சுவரை உடைக்கும் காட்சியில் எனக்குத் தெரிந்தது செங்கல் அளவுக் கறுப்புக் கட்டங்கள்தான். ஒரு தட்டில் 74, 80 நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால் படம் பாதி வசனத்தில் நின்று "இரண்டாவது டிஸ்க்" என்றது. இன்று இணையத்தில் கிடைப்பதும் ஏதோ டிவி ஒளிபரப்பிலிருந்து எடுத்தது, மூலையில் சேனல் முத்திரையோடு.

இத்தனைக்கும் பழைய படங்களைத் துடைத்துச் சுத்தமாக்கும் கைகள் சென்னையிலேயே இருக்கின்றன. சாலிகிராமம் பக்கம் பிரசாத் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களைக்கூட டிஜிட்டலில் சீராக்கித் தருகிறது. நம் படங்கள் அந்த வாசலுக்குப் போவது கம்மி. ஒரு காலத்தில் ஓடி முடித்த பிரிண்டுகளை வெள்ளிக்காகக் கரைத்தவர்கள் நாம். காப்பாற்றலாம் என்று யாருக்காவது தோன்றினாலும் கிளாசிக் என்ற பட்டம் உள்ள நாலு படத்துக்குத்தான் தோன்றும். சிவப்புக் கோட்டு மொட்டைத் தலைக்கு யார் செலவு செய்வார்கள்? அசல்காரன் ஊரில் மூன்றாந்தரம் என்று ஒதுக்கப்பட்டது பத்திரமாக இருக்கிறது. அதை வாங்கி நம் வீட்டு அழுகையாக மாற்றிய படம் கட்டம் கட்டமாக அழிகிறது. டைட்டிலில் பெயர் போடாத குறையை இன்றைக்கும் சரிசெய்யலாம், ஒரு நல்ல டிஸ்க்கும் அதன் அட்டையில் நாலு வரியும் போதும். அதற்கு முதலில் படம் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பாறையில் சமணப் படுக்கைகள் இருக்கின்றன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ் பிராமி எழுத்து ஒரு வரி. ஒருவர் ஏவ, அகழூர் மோசி செய்தது என்கிறது. அகழூர் இன்றும் பக்கத்தில்தான் இருக்கிறது. சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து நுங்கு தின்றிருக்கிறேன். தயாரிப்பாளர் பெயர், டெக்னீஷியன் பெயர் எல்லாம் போட்ட டைட்டில் கார்டு அது என்று அப்போது தெரியாது.

போன பொங்கலுக்குப் பெரியப்பாவுக்கு ஃபுல்ச்சி படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். மொழி புரியாமலே கடைசி வரை பார்த்தார். கடிகாரம் அடித்து முடிந்ததும், "பூச்சு ஈரம்கூடக் காயல, எவனும் கவனிக்கல பாரு" என்றார். பிறகு, "இது வேணாம்டா. நம்ம சத்யராஜ் நடிச்சது இருக்கே, அதப் போடு" என்றார். யூடியூபில் போட்டேன். சுவர்க் காட்சி வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"ஒண்ணும் தெரியலியே. வெளிச்சத்தக் கொஞ்சம் ஏத்துப்பா."

ஏற்கெனவே முழுசாக ஏற்றித்தான் வைத்திருந்தேன்.