மேயர் இல்லாத நூறு ஆண்டுகள்

1871 மார்ச் 26ம் திகதி பாரிஸ் மக்கள் தங்கள் நகரசபையைத் தெரிவுசெய்தார்கள். பாரிஸ் கொம்யூன் என்று நாங்கள் படித்தது இதனைத்தான். உறுப்பினரை வாக்காளர் எந்நேரமும் திருப்பி அழைக்கலாம் என்பது அதன் கொள்கை. 13ம் வட்டாரத்தில் தெரிவானவர்களில் ஒருவர் லியோ பிராங்கெல், ஹங்கேரியில் பிறந்த நகைத் தொழிலாளி. அந்நியரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. கொம்யூனின் கொடி உலகக் குடியரசின் கொடி என்று சொல்லி அவரை ஏற்றுக்கொண்டார்கள். பேக்கரித் தொழிலாளரின் இரவு வேலையைத் தடைசெய்த ஆணைக்குப் பின்னால் நின்றவரும் அவரே.

மே மாத இறுதியில் கொம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. வெர்சாய் அரசோ ஏப்ரலிலேயே தன் சட்டத்தை எழுதிவிட்டது. அதன்படி வட்டாரத்துக்கு நால்வராக 80 உறுப்பினர்கள், மேயர் கிடையாது. நிர்வாகம் அரசு நியமித்த இரண்டு பிரெபேக்களின் கையில். எங்கள் ஊரின் அரசாங்க அதிபரை நினைத்துக்கொண்டால் விளங்கும். மற்ற ஊர்ச்சபைகள் தங்கள் மேயரைத் தாங்களே தெரிவுசெய்வதை 1884ம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. பாரிசுக்கு மட்டும் விலக்கு.

தலைநகரின் மீதான பயம் தணிய நூறாண்டு சென்றது. 1975 டிசம்பர் 31ம் திகதிச் சட்டத்தின் பின்னர்தான், 1977ல், ஜாக் சிராக் மேயரானார்.

1982 டிசம்பர் சட்டம் உறுப்பினர் தொகையை 163 ஆக்கியது. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். மக்கள் பட்டியல்களுக்கு வாக்களிக்க, தெரிவான உறுப்பினர்கள் கூடி மேயரைத் தெரிவுசெய்வார்கள். வட்டாரத்தில் வெல்லும் பட்டியலுக்கு அரைவாசி ஆசனங்கள் முதலிலேயே போய்விடும்; மீதியிலும் அதற்குப் பங்கு உண்டு. 1983லும் 1989லும் சிராக்கின் அணி இருபது வட்டாரங்களையும் வென்றது. 2025 ஆகஸ்ட் சட்டம் நகரசபைக்கென நகரம் முழுவதற்குமான தனி வாக்கை ஏற்படுத்தி, அந்த அரைவாசியைக் கால்வாசியாகக் குறைத்தது.

முறை பலதடவை மாறியது. யார் வாக்களிப்பது என்ற கேள்வியோ மெதுவாகவே நகர்ந்தது. ஐந்தாண்டு வசித்த வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை தருவதாக 1981ல் மித்தரான் வாக்களித்தார், அது நிறைவேறவில்லை. 2001ல் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்க்கு மட்டும் கதவு திறந்தது.

பாடசாலைச் சாப்பாடு, குழந்தைகள் காப்பகம், குறைந்த வாடகை வீடு என்று எங்கள் அன்றாடத்தைத் தொடும் பலவும் இந்தச் சபையின் பொறுப்பில் இருக்கின்றன. உணவகச் சமையலறைகளில் இந்நகருக்குச் சமைக்கிறோம், கோப்பை கழுவுகிறோம், வரி கட்டுகிறோம். பிராங்கெல் இன்று ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறினால் அவர் வாக்களிக்கலாம். அகதி அட்டையோடு இருபது ஆண்டுகள் இங்கு வாழும் யாழ்ப்பாணத்தவருக்கு அந்த உரிமை இல்லை.