கறுப்புப் பட்டியலில் எங்கள் கல்லூரி

1999 என்று நினைவு. ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையத்தில் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் காலை மூத்த பேராசிரியர் ஒருவர் கையில் ஒரு அச்சுத்தாளோடு வந்தார்.

"என்னப்பா, அமெரிக்காவுக்கு அனுப்பின சிபாரிசுக் கடிதம் திரும்பி வந்திருக்கு? பையனுக்குக் கடைசித் தேதி இன்னும் மூணே நாள்!"

தாளைப் பார்த்தேன். உங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, அஞ்சலை ஏற்க முடியாது என்று ஒரு வரி. எனக்குச் சுருக்கென்றது.

அது என்ன பட்டியல் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1978 மே மாதம், டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க் என்பவர், புதிய கணினிகளை விற்பதற்காக அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் அதுதான் என்பார்கள். 1990களில் அது வெள்ளமாகப் பெருகியது. அனுப்புகிறவனுக்குச் செலவு இல்லை. எல்லாம் வாங்குகிறவன் தலையில். எங்கள் கல்லூரி முழுவதற்கும் ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதையும் இந்தக் குப்பை அடைத்துக்கொள்ளும்.

1997-ல் அமெரிக்காவில் பால் விக்ஸி, டேவ் ராண்ட் இருவரும் ஸ்பேமுக்குத் துணைபோகும் ஐபி எண்களைத் திரட்டி ஆர்பிஎல் என்ற பட்டியலை நடத்தத் தொடங்கினார்கள். அமைப்பின் பெயர் மேப்ஸ். அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ஸ்பேம்! மறுவருஷம் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பேம்ஹவுஸைத் தொடங்கினார்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு சர்வர் நம் கதவைத் தட்டினால், அதன் ஐபி எண்ணைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரோடு சேர்த்து டிஎன்எஸ்ஸிடம் கேட்கவேண்டும். 192.0.2.99 என்றால் 99.2.0.192. பதிலாக 127.0.0.2 வந்தால் பட்டியலில் உண்டு. அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தால் உள்ளே விடலாம். கடிதத்தை வாங்கும் முன்பே வாசலில் முடிவு.

நாங்கள் ஸ்பேம் அனுப்பவில்லை. ஆனால் எங்களிடம் இருந்தது பழைய சென்ட்மெயில். யார் எதைக் கொடுத்தாலும் யாருக்கும் அனுப்பிவைக்கும். இணையத்தின் ஆரம்ப நாட்களில் அது அக்கம்பக்க உதவி. 1998-ல் வந்த 8.9 பதிப்பு அந்தக் கதவைச் சாத்தியே வந்தது. நான்தான் மாற்றாமல் விட்டிருந்தேன். முகம் தெரியாத எவனோ ராத்திரியில் எங்கள் வழியாக ஆயிரக்கணக்கில் அனுப்பியிருந்தான். தப்பு என்னுடையது, தண்டனை அந்தப் பையனுக்கு.

கடிதத்தை அன்றே ஃபேக்ஸில் அனுப்பினோம். இரவு உட்கார்ந்து பதிப்பை மாற்றி, பட்டியலிலிருந்து நீக்கும்படி எழுதினேன். சில நாளில் நீக்கினார்கள். பையனும் போய்ச் சேர்ந்தான்.

பிறகு நானே அத்தகைய பட்டியலைப் பயன்படுத்தினேன். குப்பை வெகுவாகக் குறைந்தது. ஆனால் சில மாதத்தில், எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு வரவேண்டிய ஆய்வுக் கடிதத்தை எங்கள் சர்வரே திருப்பி அனுப்பிவிட்டது. அனுப்பியவர் குற்றமற்றவர், அவர் இருந்த சர்வரில் வேறு எவனோ செய்த வேலை. அன்று முதல், தெரிந்த முகவரிகளுக்குத் தனி விலக்குப் பட்டியல் ஒன்றும் வைத்தேன்.

இந்த அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. ஸ்பேம்ஹவுஸ் மீது ஒரு விளம்பர அஞ்சல் நிறுவனம் வழக்குப் போட்டது. 2006-ல் சிகாகோ நீதிமன்றம் சுமார் 1.17 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. 2011-ல் மேல்முறையீட்டில் அது வெறும் 3 டாலராகச் சுருங்கியது.

என் அனுபவத்தில் பட்டியல் என்பது வாட்ச்மேனிடம் ஒருவர் சொல்லும் தகவல். கதவைச் சாத்துவது நாம்தான். அதற்குப் பொறுப்பும் நாம்தான்.

இப்போது இதையெல்லாம் ஜிமெயிலே பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியை எட்டிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியவர் யாராவது வாசலில் காத்திருக்கலாம்.